சிறுகக் கட்டிய இயங்குதளங்கள்

1976-இல் ஸ்டீவ் வோஸ்னியாக் ஆப்பிள் 1 கணினிக்கு எழுதிய மானிட்டர் நிரல் 256 பைட்டில் அடங்கிவிட்டது. இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு வாக்கியங்களை யூனிகோடில் சேமித்தாலே அதைவிட அதிக இடம் பிடிக்கும். விசைப்பலகையில் தட்டுவதை வாங்குவது, நினைவகத்தின் எந்த முகவரியையும் திறந்து பார்ப்பது, அங்கே புது எண்ணை எழுதுவது, எழுதிய நிரலை ஓடவிடுவது ஆகிய நான்கு வேலைகளும் அந்த 256 பைட்டுக்குள் முடிந்தன.

இதை இயங்குதளம் என்று சொல்லலாமா? கோப்பு கிடையாது, வட்டு கிடையாது, பிழை நேர்ந்தால் எடுத்துச் சொல்ல நாதியில்லை. ஆனால் இது இல்லையென்றால் ஆப்பிள் 1 வெறும் சில்லுகள் பதித்த பலகை. பழைய பாணிக் கணினியைத் தாமே கட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். ரெட்ரோசேலஞ்ச் 2014 போட்டிக்காக ஸ்பென்சர் ஓவன் வடிவமைத்த ஆர்சி2014, ஒன்பதே சில்லுகளில் கிராண்ட் சியர்ல் கட்டிய இசட்80 செயலிக் கணினி, 6502 செயலியை ப்ரெட்போர்டில் கம்பி கம்பியாகச் செருகிக் காட்டும் பென் ஈட்டரின் காணொளிகள் என்று வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. எந்த வழியில் போனாலும் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். மின்சாரம் கொடுத்தாயிற்று, எல்இடி மினுக்கிவிட்டது, சீரியல் போர்ட் வழியாக முதல் எழுத்தும் வந்துவிட்டது. இனி இதன் மேல் எதை ஏற்றுவது?

கடந்த 50 ஆண்டுகளில் இதற்கு நாலைந்து விடைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை எடைபோடும்போது பெரும்பாலோர் பைட் கணக்கில் இறங்கிவிடுகிறார்கள்: இது 2 கிலோபைட், அது 5 கிலோபைட் என்று. எனக்கு அந்த அளவுகோலில் நம்பிக்கையில்லை. இயங்குதளம் நிரல்களுக்கு எத்தனை வாக்குறுதிகளைக் கொடுக்கிறது, வன்பொருள் மாறினாலும் அவற்றைக் காப்பாற்றுகிறதா என்பதை வைத்துத்தான் அதன் சிறுமையையும் பெருமையையும் பார்க்க வேண்டும்.

மானிட்டரிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் மைக்ரோபிராசசர் லேபில் 8085 கிட்டைத் தொட்டவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். பதினாறடிமான எண்கள் பொறித்த விசைகளைத் தட்டி, முகவரியையும் அதில் உள்ள எண்ணையும் சிவப்பு ஏழுகோட்டு விளக்குகளில் பார்த்து, ரெக்கார்டு நோட்டிலிருந்து நிரலை எண் எண்ணாக ஏற்றி, ஓடவிட்டு, விடை வந்த முகவரியைத் திறந்து பார்த்திருப்பார்கள். அந்தக் கிட்டின் ரோமில் உட்கார்ந்திருந்ததும் ஒரு மானிட்டர்தான். அதற்கு எல்லாமே முகவரி. பெயர் என்ற ஒன்றே அதற்குத் தெரியாது. மின்சாரம் போனால் ஏற்றியதும் போயிற்று.

மானிட்டர் இயங்குதளமாக மாறுவது இரண்டு வாக்குறுதிகளால். சேமித்த பொருளை முகவரியால் அல்லாமல் பெயரால் கேட்கலாம் என்பது ஒன்று. நிரல் எந்தக் கணினியில் ஓடினாலும், உதவி கேட்டுத் தட்டவேண்டிய கதவு ஒரே இடத்தில் இருக்கும் என்பது மற்றது. இந்த இரண்டையும் மிகக் குறைந்த செலவில் கொடுத்துக் காட்டியவர் கேரி கில்டால்.

கலிபோர்னியாவின் மாண்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கில்டால், இன்டெல் நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். 1974-இல் 8080 செயலிக்கு சிபி/எம் என்ற இயங்குதளத்தை எழுதினார். ஷூகார்ட் நிறுவனத்தின் 8 அங்குல ஃபிளாப்பி டிரைவ் ஒன்று கையில் இருந்தது. அதைக் கணினியோடு பேசவைக்கும் கன்ட்ரோலரை நண்பர் ஜான் டோரோட் கட்டிக் கொடுத்தார். அந்த ஃபிளாப்பியில் 77 தடங்கள், தடத்துக்கு 26 செக்டர்கள், செக்டருக்கு 128 பைட்கள். மொத்தம் 2,56,256 பைட். இந்த 128 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையை அது இன்றுவரை விட்டபாடில்லை.

சில ஆண்டுகளில் பல நிறுவனங்கள் பலவகை டிரைவ்களோடு கணினிகளை விற்கத் தொடங்கின. 1976 வாக்கில் இம்சாய் நிறுவனம் தன் கணினிக்கு சிபி/எம் கேட்டது. ஒவ்வொரு வன்பொருளுக்கும் முழு நிரலையும் திருத்திக்கொண்டிருப்பது கில்டாலுக்கு அலுத்துவிட்டது. வன்பொருளைத் தொடும் பகுதியை மட்டும் வெட்டித் தனியே வைத்து அதற்கு பயாஸ் என்று பெயரிட்டார். கோப்புகளைக் கவனிக்கும் பிடாஸ் பகுதியும், கட்டளை வாங்கும் சிசிபி பகுதியும் வன்பொருளைப் பற்றி எதுவும் தெரியாதவையாகிவிட்டன. 1979-இல் வந்த சிபி/எம் 2.2-இல் பிடாஸ் 3.5 கிலோபைட், சிசிபி 2 கிலோபைட். பயாஸ் கணினிக்குக் கணினி மாறும். ஆனால் அதன் முகப்பில் 17 தாவல் கட்டளைகள் கொண்ட பட்டியல் எப்போதும் ஒரே வரிசையில் இருக்கும்: விசை தட்டப்பட்டதா, எழுத்தை வாங்கு, எழுத்தை அனுப்பு, டிரைவைத் தேர்ந்தெடு, தடத்தைக் குறி, செக்டரைக் குறி, படி, எழுது என்று.

ஓர் எழுத்தைத் திரையில் காட்ட வேண்டுமென்றால் சிபி/எம் நிரல் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஈ ரெஜிஸ்டரில் எழுத்தை வைக்கிறது, சி ரெஜிஸ்டரில் 2 என்ற எண்ணை வைக்கிறது, முகவரி 5-ஐ அழைக்கிறது. அங்கே இருப்பது மூன்றே பைட். ‘பிடாஸ் இருக்கும் இடத்துக்குத் தாவு’ என்ற ஒரே கட்டளை. 16 கிலோபைட் நினைவகம் உள்ள கணினியில் பிடாஸ் ஓரிடத்தில் இருக்கும், 64 கிலோபைட் கணினியில் வேறிடத்தில் இருக்கும். நிரலுக்கு அந்தக் கவலை வேண்டாம். அந்த மூன்று பைட்டில் கடைசி இரண்டும் இன்னொரு வேலையும் செய்கின்றன. பிடாஸ் நினைவகத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பதால், அதன் முகவரியே ‘உனக்குள்ள இடம் இதுவரைதான்’ என்று நிரலுக்குச் சொல்லிவிடுகிறது. மூன்று பைட்டுக்கு இரண்டு வேலை! இந்த மாதிரிச் சிக்கனத்தை இன்றைய மென்பொருளில் தேடினாலும் கிடைக்காது.

நிரல்கள் ஏறும் இடம் பதினாறடிமானத்தில் 100 என்ற முகவரி. சிசிபி இடத்தையும் நிரல் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நிரல் முடிந்ததும் சிசிபி வட்டிலிருந்து மறுபடி ஏற்றப்படும். காலி இடத்தைக் காட்டும் வரைபடம் வட்டில் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. டிரைவை முதலில் தொடும்போது கோப்புப் பட்டியலை ஒருமுறை முழுக்கப் படித்து, எந்தெந்த இடம் நிரம்பியிருக்கிறது என்று நினைவகத்திலேயே கணக்கிட்டுக்கொள்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் பதிவு. அதில் முதல் பைட்டில் 229 என்ற எண் இருந்தால் அந்த இடம் காலி. ஏன் 229? புதிதாக ஃபார்மேட் செய்த 8 அங்குல ஃபிளாப்பி முழுக்க அந்த எண்தான் நிரம்பியிருக்கும். ஆகவே புது வட்டு தானாகவே காலிப் பட்டியலாகிவிடுகிறது. தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை.

நிரல்களுக்கு பிடாஸ் கொடுக்கும் சேவைகள் ஏறத்தாழ 40. 1980-இல் டிம் பேட்டர்சன் 8086 செயலிக்கு 86-டாஸ் எழுதியபோது இந்தச் சேவைகளின் எண்களைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு அதுவே எம்எஸ்-டாஸ் ஆயிற்று. எம்எஸ்-டாஸில் ‘காம்’ வகை நிரல்கள் 100 என்ற முகவரியில் தொடங்கியதும், சரத்தை அச்சிடும் 9-ஆம் சேவை டாலர் குறியில் நின்றதும் கில்டால் விட்டுப்போன சொத்து.

சிபி/எம் கொடுக்காத வாக்குறுதிகளும் உண்டு. ஒரு நிரல் இயங்குதளத்தின் மேலேயே எழுதிவிட்டால் தடுக்க ஆளில்லை. கோப்புறைக்குள் கோப்புறை இல்லை. கோப்பு எந்த நாளில் எழுதப்பட்டது என்ற குறிப்பு 2.2 பதிப்பில் இல்லை. கோப்பின் நீளமே 128 பைட் துண்டுகளில்தான் கணக்கு. அதனால் உரைக் கோப்பு எங்கே முடிகிறது என்று காட்டத் தனி எழுத்து ஒன்றைக் கடைசியில் வைக்க வேண்டியிருந்தது. தமிழருக்கு இதில் இன்னொரு வில்லங்கம்: ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும் என்று நம்பிய காலம் அது. விசைப்பலகையிலிருந்து வாங்கும் எழுத்தின் எட்டாவது பிட்டை பயாஸ் அழித்துவிட வேண்டும் என்பது விதி. கோப்புப் பெயரின் எட்டாவது பிட்டோ ‘படிக்க மட்டும்’ போன்ற அடையாளங்களுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. டிஸ்கி போன்ற 8 பிட் குறிமுறையில் தமிழை எழுதிக் கோப்புக்குள் வைக்கலாம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது.

இன்றைய கட்டுமானத்தில் ஃபிளாப்பி இருந்த இடத்தில் காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையோ எஸ்டி அட்டையோ இருக்கிறது. காம்பாக்ட் ஃபிளாஷை 8 பிட் பாதையில் வேலை செய்யச் சொல்லலாம் என்பதால் கொஞ்சம் கம்பிகளும் ஒரு முகவரிப் பகுப்பானும் இருந்தால் போதும். பழைய டிரைவ் கன்ட்ரோலர்களின் தலைவலி ஒன்றும் இல்லை. எஸ்டி அட்டைக்கு பிட் பிட்டாகத் தள்ளும் சின்ன நிரல் வேண்டும். இங்கேதான் 128 திரும்பி வருகிறது. அட்டையின் செக்டர் 512 பைட். சிபி/எம் கேட்பதோ 128. ஒரு செக்டருக்குள் நான்கு துண்டுகளை அடுக்கி, ஒன்றை மாற்றச் சொன்னால் முழுச் செக்டரையும் படித்து, நடுவில் 128 பைட்டை மாற்றி, திரும்ப எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்தால் வேகம் படுத்துவிடும். ஆகவே 512 பைட்டை நினைவகத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, வேறு செக்டருக்குப் போகும்போதுதான் எழுதுகிறார்கள்.

இதில் ஆபத்து ஒன்று ஒளிந்திருக்கிறது. கோப்புப் பட்டியலில் செய்த மாற்றம் நினைவகத்திலேயே தங்கியிருக்கும்போது யாராவது மின்சாரத்தை நிறுத்தினால், தரவு வட்டில் இருக்கும், கோப்பு இருந்த சுவடே இருக்காது. பிடாஸ் இதை முன்பே யோசித்திருக்கிறது. எழுதச் சொல்லும்போது சி ரெஜிஸ்டரில் 0, 1, 2 என்று ஒரு குறிப்பு வரும். 0 என்றால் சாதாரண எழுத்து, தாமதிக்கலாம். 1 என்றால் கோப்புப் பட்டியல், உடனே எழுதியாக வேண்டும். 2 என்றால் புதிதாக ஒதுக்கிய பகுதியின் முதல் துண்டு. பழையதைப் படிக்காமலே எழுதத் தொடங்கலாம். வீட்டில் பயாஸ் எழுதுபவர்கள் அவசரத்தில் விட்டுவிடுகிற குறிப்பு இது. விட்டாலும் எல்லாம் சரியாக ஓடுவது போலத்தான் தெரியும், ஒரு நாள் கோப்பு காணாமல் போகும்வரை.

128-ஐ 65,536-ஆல் பெருக்கினால் 8 மெகாபைட். சிபி/எம் 2.2-இல் ஒரு டிரைவின் உச்ச அளவு அதுதான். ஏ (A) முதல் பி (P) வரை 16 டிரைவ்கள் என்று வைத்தாலும் 128 மெகாபைட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் எட்டாது. யாரும் இதைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இந்தக் கணினிகளில் 8 மெகாபைட்டை நிரப்புவதே பெரும் பாடு. குறை வேறிடத்தில் இருக்கிறது. அட்டையைக் கழற்றி இன்றைய கணினியில் செருகினால் சிபி/எம் கோப்புகள் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சிலர் இன்றைய கணினிகளுக்கும் புரியும் ஃபேட் கோப்பு முறையைத் தங்கள் இயங்குதளத்தில் கட்டுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும், 32 பிட் எண்களைக் கூட்டிக் கழிப்பது 8 பிட் செயலிக்கு எத்தனை வரி என்று. கோப்புகளைக் கொண்டுவர மட்டும்தான் என்றால் 1977-இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் முறையே போதும். சீரியல் கம்பி வழியே அது அனுப்பும் பொட்டலமும் 128 பைட்தான்.

செயலிக்கு வருவோம். இசட்80-க்கு மின்சாரம் கொடுத்ததும் அது முகவரி 0-இலிருந்து ஓடத் தொடங்கும். அப்படியென்றால் அங்கே ரோம் இருக்க வேண்டும். சிபி/எம்-க்கோ 0-இல் ரேம் வேண்டும். ரோம் தன்னையே ரேமுக்குள் நகலெடுத்துவிட்டு, ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பைத் தட்டித் தன்னை முகவரி வரைபடத்திலிருந்தே விலக்கிக்கொள்வது வழக்கமான தீர்வு. 6502 இதற்கு நேர்மாறு. அது நினைவகத்தின் உச்சியில் உள்ள இரண்டு பைட்டைப் படித்து, அங்கே சொல்லியிருக்கும் முகவரிக்குப் போகும். ரோம் மேலே, ரேம் கீழே என்று இயல்பாக அமைந்துவிடுகிறது. ஆனால் கீழே உள்ள முதல் 256 பைட்தான் அதன் உண்மையான பணிமேசை. அடுத்த 256 பைட் ஸ்டாக். அதற்கு மேல் ஸ்டாக் வளராது. நிரல்கள் குறிப்பிட்ட முகவரியை நம்பி எழுதப்படுவதாலும், ஒவ்வொரு 6502 கணினியும் நினைவகத்தை ஒவ்வொரு விதமாகப் பங்கு போட்டதாலும், சிபி/எம் மாதிரிப் பொது மேடை அந்தப் பக்கம் வேரூன்றவில்லை. டேவிட் கிவனின் சிபி/எம்-65 இப்போது அதைச் செய்கிறது. எந்த இடத்தில் ஏற்றினாலும் முகவரிகளைத் திருத்திக்கொள்ளும் பட்டியலை ஒவ்வொரு நிரலோடும் சேர்த்து அனுப்புகிறது.

6502 உலகம் பெரும்பாலும் பேசிக் மொழியையே இயங்குதளமாக வைத்துக்கொண்டது. ஏற்று, சேமி, ஓடு என்ற மூன்று கட்டளைகள் மொழிக்குள்ளேயே இருந்தால் தனி இயங்குதளம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் பேசிக்கைத் தாண்டி அசெம்பிளரோ வேறு கம்பைலரோ வேண்டுமென்றால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

சீரியல் போர்ட்டைப் பலரும் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள். ஆர்சி2014-இன் கடிகாரம் 7.3728 மெகாஹெர்ட்ஸ். அந்த விநோத எண்ணுக்குக் காரணம், அதை 64-ஆல் வகுத்தால் 1,15,200 என்று துல்லியமாக வருவதுதான். அந்த வேகத்தில் வினாடிக்கு 11,520 பைட் வரும். ஒரு பைட்டுக்கும் அடுத்த பைட்டுக்கும் நடுவே செயலிக்குக் கிடைப்பது 640 கடிகாரத் துடிப்பு. இசட்80-இன் ஒரு கட்டளைக்கு 4 முதல் 20 சொச்சம் துடிப்பு ஆகும் என்பதால், இன்டரப்ட் வந்து, ரெஜிஸ்டர்களை ஒதுக்கிவைத்து, பைட்டை எடுத்து, வளையத் தாங்கியில் போட்டுவிட்டுத் திரும்ப 640 போதும். ஆனால் அதே நேரத்தில் வட்டில் எழுதிக்கொண்டிருந்தால் போதாது. எதிர்ப்பக்கத்தை ‘கொஞ்சம் நிறுத்து’ என்று சொல்லும் ஆர்டிஎஸ் கம்பியை இணைக்காமல் விட்டவர்கள் பாதிக் கோப்போடு அல்லாடுவது இதனால்தான்.

6502 பக்கம் இன்னொரு வேடிக்கை. இன்று புதிதாக விற்கும் 6551 வகைச் சீரியல் சில்லு ஒன்றில், ‘அனுப்பி முடித்தேன், அடுத்ததைத் தா’ என்று சொல்ல வேண்டிய பிட் எப்போதும் 1 என்றே காட்டும். அதை நம்பி அனுப்பினால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து காணாமல் போகும். ஆகவே கையால் தாமதம் போட வேண்டும். 19,200 வேகத்தில் ஒரு பைட்டுக்கு 10 பிட் என்றால் ஏறக்குறைய 521 மைக்ரோவினாடி. 1 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு 521 துடிப்பு, சும்மா எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த அசிங்கத்தைப் பயாஸுக்குள் ஒரே இடத்தில் ஒளித்து வைத்துவிட்டால் மேலே உள்ள எந்த நிரலுக்கும் இது தெரியவேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓட வேண்டுமா? இந்த ஆசை எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். 1980-களில் டக் ப்ரான் இசட்80-க்கு யூஇசட்ஐ என்ற பெயரில் யூனிக்ஸ் போன்ற ஒன்றை எழுதிப் பொதுவில் விட்டார். லினக்ஸ் கர்னலில் நெடுங்காலம் உழைத்த ஆலன் காக்ஸ் அதை அடிப்படையாக வைத்து 2014-இல் ஃபியூசிக்ஸை வெளியிட்டார். இசட்80, 6809, 68000, 6502 என்று பல செயலிகளில் அது ஓடுகிறது. கோப்புறை, பயனர் உரிமை, பைப் எல்லாம் உண்டு. ஒரு சில்லறைக் கணினியில் யூனிக்ஸ் கட்டளைகளைத் தட்டும் இன்பத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். செலவைப் பார்க்க வேண்டுமே.

64 கிலோபைட் மட்டும் உள்ள கணினியில் ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்கு மாற, முதலாவதை எங்காவது எடுத்துவைக்க வேண்டும். இசட்80-இன் எல்டிஐஆர் கட்டளை ஒரு பைட்டை நகலெடுக்க 21 துடிப்பு எடுக்கும். 32 கிலோபைட்டை நகர்த்த 6,88,128 துடிப்பு. ஆர்சி2014 வேகத்தில் 93 மில்லிவினாடி. ஒன்றை வெளியே எடுத்து மற்றதை உள்ளே கொண்டுவர அதைப்போல் இரு மடங்கு. வினாடிக்கு ஐந்து முறை மாறினால் கணினி நகலெடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. ஆகவே 512 கிலோபைட் ரேமை வைத்துக்கொண்டு, 16 கிலோபைட் ஜன்னல்கள் நான்கின் வழியே தேவையான பகுதியைக் காட்டும் பேங்க் சர்க்யூட் வேண்டும். அது இருந்தால் மாறுவதற்குச் சில கட்டளைகள் போதும். அதாவது ஃபியூசிக்ஸை ஓட்டுவதா என்ற முடிவை மென்பொருளில் எடுக்க முடியாது. பலகை வரையும்போதே எடுக்க வேண்டும்.

இதற்கும் குறைந்த செலவில் ஒரு வழி இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஆடம் டங்கல்ஸ் 2003-இல் காமடோர் 64-க்கு கான்டிகியை வெளியிட்டார். பிறகு அதில் சேர்த்த ‘புரோட்டோத்ரெட்’ முறையில் ஒரு பணிக்கு ஆகும் நினைவகம் 2 பைட். ஒவ்வொரு பணியும் தானாக வழிவிட்டால்தான் அடுத்ததற்கு வாய்ப்பு. நம்பிக்கையின் மேல் ஓடும் ஏற்பாடு. எல்லா நிரலையும் ஒரே ஆள் எழுதும் வீட்டுக் கணினிக்கு அது போதாதா என்ன? டெர்மினல் முன் ஒருவர் மட்டும் உட்காரும் கணினிக்குப் பல்பணி அநேகமாகத் தேவையே இல்லை என்பது என் கட்சி. பின்னணியில் சீரியல் பைட்களை வாங்கிவைக்கும் இன்டரப்ட் ஒன்றும், கடிகார இன்டரப்ட் ஒன்றும் இருந்தால் பெரும்பாலான ஏக்கம் தீர்ந்துவிடும்.

இந்த வரிசையில் சேராமல் தனியே நிற்பது ஃபோர்த். சார்லஸ் மூர் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக் ரேடியோ தொலைநோக்கியை இயக்கப் பயன்படுத்திய மொழி. மொழி, அசெம்பிளர், எடிட்டர், இயங்குதளம் எல்லாம் அதில் ஒன்றே. கோப்பு கிடையாது, வட்டு முழுக்க 1,024 பைட் கட்டங்கள். ஒரு கட்டம் 64 எழுத்து அகலத்தில் 16 வரி. ‘37-ஆம் கட்டத்தை ஏற்று’ என்றால் ஏறிவிடும். நான் சொன்ன இரண்டு வாக்குறுதிகளில் முதலாவதை, அதாவது பெயரை, ஃபோர்த் கொடுக்க மறுக்கிறது. எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்பது உங்கள் பாடு.

2019-இல் விர்ஜில் டுப்ரா வெளியிட்ட கொலாப்ஸ் ஓஎஸ் இந்த வழியில் தீவிரமாகப் போகிறது. உலகப் பொருளாதாரமும் சில்லு உற்பத்தியும் சரிந்துபோன பின், குப்பையில் கிடைக்கும் சில்லுகளைக் கொண்டு கட்டிய கணினியில் ஓட வேண்டும், தன்னைத்தானே அசெம்பிள் செய்துகொள்ள வேண்டும் என்பது அதன் இலக்கு. முதலில் இசட்80 அசெம்பிளியில் எழுதப்பட்டு, பிறகு முழுவதும் ஃபோர்த்தில் மாற்றி எழுதப்பட்டது. உலகம் சரியும் என்று நம்புகிறீர்களோ இல்லையோ, அந்த இலக்கிலிருந்து ஒரு நல்ல கேள்வி பிறக்கிறது: உங்கள் இயங்குதளத்தை அதே கணினியிலேயே திருத்தி மறுபடி கட்ட முடியுமா? இன்றைய வீட்டு இயங்குதளங்களில் பெரும்பாலானவை மடிக்கணினியில் எழுதி, எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்து, இஇபிராமில் பதித்து வருபவை. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கணினி தன் காலில் நிற்கிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1979-இன் சிபி/எம் எடிட்டரையும் அசெம்பிளரையும் சேர்த்தே கொடுத்தது.

சொந்தமாக எழுதப்பட்ட இயங்குதளங்கள் பெரும்பாலும் ஏன் பாதியில் நிற்கின்றன என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. கட்டளை வரி வந்துவிடும், கோப்புகளைப் பட்டியலிடும், அழிக்கும், நகலெடுக்கும். அதற்குப் பிறகு ஓட்ட ஒன்றும் இருக்காது. எடிட்டரை எழுத வேண்டும், அசெம்பிளரை எழுத வேண்டும், விளையாட்டை எழுத வேண்டும், எல்லாம் ஒரே ஆள். சிபி/எம் வழியில் போனவருக்கோ 1978-இன் வேர்ட்ஸ்டார் உரைத்தொகுப்பானும், 1983-இல் 49.95 டாலருக்கு வந்த டர்போ பாஸ்கல் கம்பைலரும், டிபேஸ் 2 தரவுத்தள நிரலும் காத்திருக்கின்றன. பயாஸின் 17 கதவுகளைத் திறந்து வைத்தால் அத்தனையும் உள்ளே வந்துவிடும். பிறர் எழுதிய நிரல்களை ஓட்டுவது சுயமரியாதைக்கு இழுக்கு என்று நினைப்பவர்கள் இந்தத் துறையில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

உரிமத் தடையும் நீங்கிவிட்டது. கில்டாலின் டிஜிட்டல் ரிசர்ச் பல கை மாறிய பின், சொத்தின் இன்றைய உரிமையாளரான பிரையன் ஸ்பார்க்ஸ் சிபி/எம்மையும் அதன் வழிவந்தவற்றையும் எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று 2022-இல் எழுத்தில் தெளிவாக்கினார். செயலிப் பக்கம் நிலைமை கொஞ்சம் மோசம். 1976 முதல் விற்பனையில் இருந்த இசட்80-இன் 40 கால் சில்லுக்கு 2024 ஜூன் 14-உடன் கடைசி ஆர்டர் என்று அதைத் தயாரிக்கும் சைலாக் அறிவித்துவிட்டது. சந்தையில் கையிருப்பு இருக்கிறது. பழைய சில்லில் புதுப் பெயர் அச்சிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். 6502-இன் வழிவந்த 65சி02 இன்னும் புதிதாகவே கிடைக்கிறது.

இதில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. வெற்றுத் தாளில் தொடங்காதீர்கள். முதலில் மானிட்டரை எழுதுங்கள். அது சில நாள் வேலை. பிறகு உங்கள் பலகைக்கு பயாஸை மட்டும் எழுதி, அதன் மேல் அசல் சிபி/எம் 2.2-ஐ ஏற்றி, டர்போ பாஸ்கல் ஓடும்வரை விடாதீர்கள். அது ஓடிய பிறகு பிடாஸைக் கழற்றிவிட்டு, அந்த 3.5 கிலோபைட் இடத்தில் உங்கள் சொந்தப் பிடாஸை ஒவ்வொரு சேவையாக எழுதி வையுங்கள். பிடாஸுக்கு மாற்றாக இசட்எஸ்டாஸ் எழுதியவர்களும் சிசிபிக்கு மாற்றாக இசட்சிபிஆர் எழுதியவர்களும் அப்படித்தான் அசலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள். உங்கள் தவறுகளை வேர்ட்ஸ்டாரும் டர்போ பாஸ்கலும் அன்றைக்கே காட்டிக் கொடுத்துவிடும்.